ஹாட் யோகா: சூடான அறைக்குள் முதன்முறை நுழைபவர்களுக்கு

ஹாட் யோகா வகுப்பில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆசனங்களை எண்ணியே தயங்குகிறார்கள். குனிந்தால் கால்விரல் எட்டவில்லை, ஒற்றைக் காலில் நிற்க வரவில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. அந்த அறையில் வெப்பம்தான் முதல் பாடம். ஆசனம் அதற்குப் பிறகுதான். 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் அறையில் உடல் எப்படி நடந்துகொள்ளும், எப்போது உட்கார வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவை மெல்ல வந்துவிடும். அது பிடிபடாதவரை, யோகாவில் நல்ல பழக்கம் உள்ளவர்கூட அங்கே தடுமாறுவார். சொல்லப்போனால் பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சாதாரண அறையில் தங்களுக்குக் கைவந்த அனைத்தையும் முதல் நாளே சூட்டிலும் செய்துபார்க்க முனைவதுதான் காரணம்.

எந்த வகுப்பு என்று முதலில் பாருங்கள்

ஹாட் யோகா என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள் எல்லாம் ஒன்றல்ல. மிகவும் அறியப்பட்டது பிக்ரம் யோகா. கல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷிடம் யோகா கற்ற பிக்ரம் சௌத்ரி, 1970களில் அமெரிக்காவில் இதைப் பரப்பினார். (பிஷ்ணு கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி.) 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள், ஏறத்தாழ 40 டிகிரி வெப்பம், 40 சதவீத ஈரப்பதம் என்று எல்லாமே வரையறுக்கப்பட்ட பயிற்சி இது. எந்த ஊரில், எந்த ஆசிரியரிடம் சென்றாலும் வரிசை மாறாது. இந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சௌத்ரி மீதான பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளும், அவற்றை ஒட்டிய வழக்கில் 2016இல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பும் சேர்ந்து, பல பயிற்சிக்கூடங்கள் அவர் பெயரையே கைவிட்டுவிட்டன. இன்று அதே வரிசை ‘26-2’ என்றோ வெறுமனே ‘ஹாட் யோகா’ என்றோ அழைக்கப்படுகிறது.

மற்றொரு வகை ஹாட் வின்யாசா. இங்கே வெப்பம் சற்றுக் குறைவாக, 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் உடலுக்குள் பிறக்கும் சூடு அதிகம். அறையின் வெப்பம் குறைவு என்பதால் இது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இன்ஃப்ராரெட் பலகைகளால் சூடேற்றப்படும் அறைகளும் உண்டு. அங்கே காற்றைவிட உங்கள் தோல்தான் நேரடியாகச் சூடாகும். பலகைக்கு அருகில் இருப்பவருக்கும் தொலைவில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். ‘வார்ம்’ என்று குறிப்பிடப்படும் 27 முதல் 32 டிகிரி வகுப்புகள் இவை அனைத்திலும் மென்மையானவை.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, 60 நிமிடங்களுக்கு மேற்படாத, வார்ம் வகை வகுப்பு அல்லது நிதானமாக நடக்கும் ஹாட் வகுப்பு. யோகாவே புதிது என்றால் ஒரு மாதமாவது சாதாரண அறையில் அடிப்படை ஆசனங்களைக் கற்றுக்கொண்டு வருவது இன்னும் நல்லது. புதிய அசைவுகளையும் புதிய வெப்பத்தையும் ஒரே நாளில் மூளை சமாளிக்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் பயிற்சிக்கூடத்தில் சில கேள்விகளைக் கேளுங்கள். அறையின் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, வெளிக்காற்று உள்ளே வர வழி இருக்கிறதா, தொடக்கநிலையினருக்குத் தனி வகுப்பு உண்டா, நடுவில் வெளியேற அனுமதி உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ‘வகுப்பு முடியும்வரை யாரும் அறையைவிட்டு வெளியேறக் கூடாது’ என்று கண்டிப்புடன் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சேராதீர்கள். அங்கே ஆசனம் எவ்வளவு அருமையாகச் சொல்லிக்கொடுத்தாலும் சரி, வெப்பத்தில் ஒருவரது உடல் எப்போது கைவிடும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் அறிய முடியாது.

யார் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தாழ் ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, வலிப்பு நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே இதைத் தொடங்க வேண்டும். முன்பு ஒருமுறை வெப்பத்தாக்கு ஏற்பட்டவர்களுக்கும், அடிக்கடி மயக்கம் வருபவர்களுக்கும் இது பொருந்தும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் சிறிது கூடினாலே பார்வை மங்கல், தளர்ச்சி போன்றவை தலைதூக்கும். அவர்கள் சூடில்லாத வகுப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கர்ப்பிணிகள் ஹாட் யோகாவைத் தவிர்த்துவிட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் தாயின் உடல் வெப்பம் அதிகம் உயர்வது கருவின் மூளை, தண்டுவட வளர்ச்சியில் குறை உண்டாக்கக்கூடும். ‘எனக்குப் பழக்கம்தான், ஒன்றும் ஆகாது’ என்பது இங்கே எடுபடாது. கருத்தரிக்க முயன்றுகொண்டிருப்பவர்களும் இதை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் கரு உருவானது தெரியவரும் முன்பே அந்த முக்கியமான வாரங்கள் தொடங்கிவிடுகின்றன.

மாத்திரைகளை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் முன்கூட்டியே குறைத்துவிடுகின்றன. ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் வெப்பத்துக்கு ஏற்ப இதயத்துடிப்பு கூடுவதைத் தடுக்கின்றன. சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் வியர்வையைக் குறைக்கின்றன. லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு அபாயகரமாக உயரலாம். நீங்கள் அன்றாடம் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டி, ‘சூடான அறையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யப்போகிறேன்’ என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ‘யோகா செய்யலாமா’ என்று மட்டும் கேட்டால் ‘தாராளமாக’ என்ற பதில்தான் வரும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவு மது, தூக்கமின்மை இவற்றில் எது இருந்தாலும் அன்றைய வகுப்பைத் தவறவிடுங்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

உடல் தன்னைக் குளிர்விக்க இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது. ஒன்று, தோலை நோக்கிக் கூடுதல் ரத்தத்தை அனுப்பி உள்வெப்பத்தை வெளியே கடத்துவது. அறையின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட அதிகமானால் இந்த வழி அடைபட்டுவிடும். வெளியேற வேண்டிய சூடு உள்ளே வரத் தொடங்கும். மிஞ்சுவது வியர்வை. வியர்வை குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டுமே. தரையில் சொட்டும் வியர்வையால் உடலுக்குப் பயன் எதுவுமில்லை, அது வெறும் நீரிழப்பு. ஈரப்பதம் கூடிய அறையில் வியர்வை ஆவியாகத் தடுமாறும். ஒரே 38 டிகிரி வறண்ட அறையில் தாங்கக்கூடியதாகவும், ஈரமான அறையில் மூச்சுமுட்டுவதாகவும் இருப்பது இதனால்தான். வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் கேளுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணமும் இதுவே.

தோலுக்கு ரத்தம் அதிகம் போகும்போது மற்ற உறுப்புகளுக்குக் கிடைப்பது குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் அழுத்தமும் தாழ்கிறது. குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது இந்தத் தாழ்வினால்தான். புதியவர்கள் இதைத் தங்கள் பலவீனம் என்று எண்ணி வெட்கப்படுகிறார்கள். பழக்கம் இல்லாத உடலில் அது இயல்பாக நடப்பது. நிதானமாக எழுந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நல்ல செய்தியும் உண்டு. தொடர்ந்து வெப்பத்துக்கு ஆட்பட்டால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்பைவிடச் சீக்கிரமே தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. வாரம் இரண்டு வகுப்பு செல்பவருக்கு இது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். எனவே ஒரு மாதம்வரை உங்கள் உடலிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வெப்பத்தின் பெயரால் சொல்லப்படும் சில கதைகளையும் இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். வியர்வை வழியாக நச்சுகள் வெளியேறுகின்றன என்பது அவற்றில் ஒன்று. வியர்வை என்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஒரே வகுப்பில் ஆயிரம் கலோரி கரையும் என்பது இன்னொன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், பயிற்சி பெற்றவர்களிடம் அளந்து பார்த்தபோது 90 நிமிட பிக்ரம் வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330 கலோரியும் செலவாயின. வேகமான நடையில் செலவாவதற்கு இது நெருக்கமான அளவு. வகுப்பு முடிந்ததும் எடைக்கருவி காட்டும் குறைவு முழுக்க நீர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரே 26 ஆசன வரிசையை ஒரு குழு 40 டிகிரி அறையிலும் மற்றொரு குழு சாதாரண அறையிலும் 12 வாரங்கள் செய்தன. ரத்தக் குழாய்களின் செயல்பாடு இரு குழுக்களிலும் மேம்பட்டது. பலன் ஆசனத்திலிருந்து வந்தது என்றே அதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் சூடு எதற்கு என்று கேட்கலாம். தசைகள் சீக்கிரம் இளகுகின்றன, மனம் வேறு எங்கும் போகாமல் மூச்சிலேயே நிற்கிறது, வகுப்பு முடிந்தபின் ஒரு ஆழ்ந்த தளர்வு கிடைக்கிறது. இவை எனக்கு மதிப்புள்ள காரணங்கள். இவற்றுக்காக வருபவர் நீடிப்பார். பத்து நாளில் எடை குறைக்க வருபவர் உடலை வருத்திக்கொண்டு நின்றுவிடுவார்.

வகுப்புக்கு முன்

தண்ணீரை வகுப்புக்குச் சற்று முன்பு மடக்மடக்கென்று குடிப்பதில் பயனில்லை; வயிறுதான் குலுங்கும். முந்தைய நாளிலிருந்தே சீராகக் குடித்துவாருங்கள். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஏறத்தாழ அரை லிட்டர் குடித்தால், தேவைக்கு மேல் உள்ளது வெளியேறவும் நேரம் இருக்கும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் உடலில் போதிய நீர் இருக்கிறது என்று கொள்ளலாம். அடர்மஞ்சளாக இருந்தால் அன்று நீங்கள் பற்றாக்குறையோடு தொடங்குகிறீர்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் குமட்டும். பட்டினியாகப் போனால் தலைசுற்றும். முழு உணவுக்கும் வகுப்புக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மணி நேரம் விடுங்கள். அதிகாலை வகுப்பு என்றால் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போன்ற எளிதில் செரிக்கக்கூடிய ஏதாவது போதும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: வழுக்காத யோகா விரிப்பு, அதன்மேல் முழு நீளத்துக்கும் விரிக்க ஒரு துண்டு, முகம் துடைக்க ஒரு சிறு துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், மாற்று உடை, ஈர உடைகளைப் போட ஒரு பை. விரிப்பின்மேல் துண்டு இல்லாமல் போகாதீர்கள். இருபதாவது நிமிடத்தில் விரிப்பு ஈரமாகிக் கால் வழுக்கத் தொடங்கும். ஒற்றைக் கால் ஆசனத்தில் வழுக்கினால் கணுக்காலோ முழங்காலோ பிசகும்.

உடை மெல்லியதாக, உடலோடு ஒட்டியதாக, ஈரத்தைச் சீக்கிரம் வெளியேற்றும் துணியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போய் உடலில் ஒட்டிக்கொள்ளும். தொளதொளப்பான சட்டை, குனியும்போது முகத்தில் வந்து விழும். எண்ணெய், லோஷன், கிரீம் எதையும் கை கால்களில் பூசாமல் வாருங்கள். வியர்வையோடு கலந்தால் பிடி நழுவும், கண்ணில் இறங்கினால் எரியும். முகப்பூச்சையும் கழுவிவிடுங்கள். உலோக நகைகள் சூடாகும் என்பதால் வீட்டிலேயே கழற்றிவைக்கலாம். கைப்பேசியை அறைக்குள் கொண்டுபோக வேண்டாம், அந்த வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது.

வகுப்புக்குள்

பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், ஆசிரியரிடம் ‘எனக்கு இது முதல் வகுப்பு’ என்று சொல்லுங்கள். பழைய காயம், முதுகுவலி ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு அறைக்குள் போய் விரிப்பில் படுத்து, வகுப்பு தொடங்கும்வரை வெப்பத்தில் சும்மா இருங்கள். இந்த ஐந்து பத்து நிமிடம் மிகவும் உதவும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. வெப்பமூட்டிக்கு அடியிலோ எதிரிலோ இடம்பிடிக்காதீர்கள். கதவுக்கு அருகே காற்று சற்று இலகுவாக இருக்கும், தேவைப்பட்டால் வெளியேறவும் எளிது. முதல் வரிசை வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில், பழக்கமுள்ள ஒருவரின் பின்னால் நின்றால், ஆசிரியர் சொல்வது புரியாதபோது அவரைப் பார்த்துத் தொடரலாம்.

மூச்சு எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. ஆசிரியர் வேறு விதமாகச் சொல்லும் பயிற்சிகளைத் தவிர, மற்ற நேரமெல்லாம் மூக்கு வழியாகவே இழுத்து மூக்கு வழியாகவே விடுங்கள். மூச்சு உங்கள் அளவுகோல். ஒரு ஆசனத்தில் மூச்சு திணறி வாய் திறந்துகொண்டால் உங்கள் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். உடனே பாதியளவுக்குத் தளருங்கள். அப்படியும் சீராகவில்லை என்றால் ஆசனத்தை விட்டு வெளியே வாருங்கள். கண்ணாடியில் தெரியும் உருவத்தைவிட இந்த அளவுகோல் நம்பகமானது.

முதல் வகுப்பில் எந்த ஆசனத்தையும் உங்கள் முழு அளவுக்குச் செய்ய வேண்டாம். 26-2 வகுப்பில் ஒவ்வோர் ஆசனமும் இருமுறை வரும். முதல் சுற்றைச் செய்துவிட்டு, இரண்டாவது சுற்றில் நின்று பார்ப்பது புதியவர்களுக்கு நல்ல முறை. நிற்கும் ஆசனங்கள் முன்பாதியில் வருவதால் களைப்பு அங்கேதான் உச்சத்தைத் தொடும். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைக் கையால் பிடித்து நீட்டும் தண்டாயமான ஜானு சிரசாசனமும், உடலைத் தரைக்கு இணையாக்கும் துலாதண்டாசனமும் இதயத்துடிப்பைச் சட்டென்று உயர்த்தும். ‘முழங்காலைப் பூட்டுங்கள்’ என்று ஆசிரியர் சொல்லும்போது தொடைத்தசையை இறுக்கி மேலே இழுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைப் பின்பக்கமாக வளைய அழுத்தினால் அது தேய்மானத்துக்கு வழி.

பின்பாதியில் வரும் உஷ்ட்ராசனம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மண்டியிட்டுப் பின்னால் வளையும் இந்த ஆசனத்தில் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும், சிலருக்குக் காரணமில்லாத அழுகையும்கூட வரும். கைகளை இடுப்பில் ஊன்றி, மார்பை மட்டும் மேலே தூக்கி, தலையைத் தொங்கவிடாமல் செய்தாலே முதல் சில வாரங்களுக்குப் போதும். வெளியே வரும்போது மெதுவாக வாருங்கள்.

களைப்பாக இருந்தால் உட்காருங்கள். வெப்பக்காற்று மேலே ஏறுவதால் தரைக்கு அருகில் வெப்பம் சற்றுக் குறைவு; தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வருவதால் மூளைக்கு ரத்தமும் சீராகப் போகும். உட்கார்ந்தும் போதவில்லை என்றால் சவாசனத்தில் படுத்துவிடுங்கள். மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற எண்ணம் வேண்டாம், அவரவர் மூச்சைச் சமாளிப்பதற்கே அவரவருக்கு நேரம் போதாது. அனுபவமுள்ளவர்கள் நடுவில் படுப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். அவர்களுக்குத் தங்கள் உடல் தெரியும் என்பதன் அடையாளம் அது.

தண்ணீரை ஓரிரு மிடறுகளாக, ஆசனங்களுக்கு இடையே குடியுங்கள். ‘வகுப்பு நடக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். அதேபோல் வியர்வையை ஓயாமல் துடைக்கத் தேவையில்லை. தோலில் இருப்பது ஆவியாகட்டும், கண்ணில் இறங்குவதை மட்டும் ஒற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.

முகம் சிவப்பது, இதயம் வேகமாக அடிப்பது, வியர்வை வழிவது ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, நிற்க முடியாத தளர்ச்சி, தோல் சில்லிட்டுப் பிசுபிசுத்தல் ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உட்காருங்கள் அல்லது படுங்கள். சட்டென்று எழுந்து தனியாக வெளியே ஓடாதீர்கள். நடைபாதையிலோ கழிவறையிலோ யாரும் பார்க்காத இடத்தில் மயங்கி விழுவது அப்படித்தான் நேர்கிறது. ஆசிரியருக்குக் கைகாட்டி, ஒருவர் துணையோடு குளிர்ந்த இடத்துக்குச் சென்று, கால்களைச் சற்று உயர்த்திப் படுத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டாலோ வாந்தி தொடர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பேச்சு குழறுதல், இடம் பொருள் புரியாத குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது வரும் இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் அச்சமூட்டுவது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று குழறிக்கொண்டே எழ முயல்வார். பக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கண்டால் வகுப்பை நிறுத்தச் சொல்லி, உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் செய்யுங்கள். அது வரும்வரை அவரைச் சூடான அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். தெளிவான நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வியர்வை நின்றிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். உடற்பயிற்சியின்போது வருவதில் வியர்வை தொடர்ந்து வழிந்துகொண்டே இருக்கலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அவரது பேச்சையும் தெளிவையும்.

நெஞ்சுவலி, நெஞ்சில் அழுத்தம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது போன்ற உணர்வு வந்தாலும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

முடிந்த பிறகு

கடைசிச் சவாசனத்தைத் தவிர்த்துவிட்டு முதல் ஆளாக வெளியேறாதீர்கள். இதயத்துடிப்பு தணிவதற்கும் ரத்த அழுத்தம் சீராவதற்கும் அந்தச் சில நிமிடங்கள் தேவை. எழும்போது ஒருபுறமாகத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். வெளியே சிறிது நேரம் நடந்து, உடல் தானாக ஆறிய பிறகு வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் குளியுங்கள். உடனே வெந்நீர்க் குளியலோ நீராவி அறையோ வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வகுப்புக்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதை அடுத்த சில மணி நேரத்தில் உப்புள்ள உணவோடு சேர்த்து மெதுவாக ஈடுசெய்யுங்கள். வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். இவை நீர்க்குறைவின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், இன்னும் தண்ணீர் குடித்து நிலைமையை மோசமாக்கிக்கொள்வார்கள். வகுப்புக்குப் பிறகு எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். மிக அதிகமாக வியர்ப்பவர்கள் ஓஆர்எஸ் கரைசலைப் பயன்படுத்தலாம்.

ஈர உடையை உடனே மாற்றுங்கள். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் எளிதில் பரவும். விரிப்பை ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்துங்கள், துண்டுகளை அன்றே துவையுங்கள், அறைக்கு வெளியே செருப்போடு நடங்கள். வாடகை விரிப்பைவிடச் சொந்த விரிப்பு நல்லது.

முதல் இரண்டு மாதங்கள்

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நடுவே ஒரு நாளாவது இடைவெளி. முதல் மாதத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். முப்பது நாளில் முப்பது வகுப்பு என்ற சவால்கள் பல பயிற்சிக்கூடங்களில் நடக்கும், புதியவர்கள் அவற்றில் சேராமல் இருப்பது நல்லது. மறுநாள் காலையிலும் தலைவலியும் சோர்வும் தொடர்ந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

மூன்று நான்கு வாரம் கடந்ததும் வேறொரு சோதனை வரும். உடல் வியக்கத்தக்க அளவுக்கு வளையத் தொடங்கும். இந்தக் கட்டத்தில்தான் காயங்கள் அதிகம் ஏற்படுகின்றன என்பது நான் கவனித்தது. சூட்டில் தசை இளகுகிறது, வலியுணர்வும் மந்தமாகிறது. சாதாரண அறையில் ‘போதும்’ என்று தடுக்கும் இழுப்பு இங்கே தெரியாது. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் ஒருமுறை அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவது கடினம். முன்வளையும் ஆசனங்களில் உட்காரும் எலும்புக்கு அருகே, பின்தொடைத் தசை எலும்போடு இணையும் இடத்தில் வலி தோன்றினால் உடனே பின்வாங்குங்கள். அந்தக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும். தசையின் நடுப்பகுதியில் உணரும் இழுப்பு சரி, மூட்டிலோ எலும்பின் ஓரத்திலோ உணரும் வலி சரியல்ல. எந்த ஆசனத்திலும் உங்களால் முடிந்ததில் முக்கால் பங்கோடு நின்றுகொள்வது நல்ல பழக்கம். முழங்கையும் முழங்காலும் இயல்பாகவே பின்பக்கம் வளையும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். அவர்களுக்குத் தேவை இன்னும் வளைவு இல்லை, தசைவலிமை. வாரத்தில் ஒரு நாளாவது சூடில்லாத அறையில் அதே ஆசனங்களைச் செய்துபார்த்தால் உங்கள் உண்மையான எல்லை எது என்பது தெரிந்துவிடும்.

வீட்டிலேயே ஹீட்டர் போட்டுச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொடக்கநிலையில் வேண்டாம். மயக்கம் வந்தால் பார்க்க ஆள் இருக்காது. மூடிய அறையில் கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ ஒருபோதும் கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். பழகிய பிறகு செய்வதென்றால் மின்சார ஹீட்டர், 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பம், ஓர் அறைவெப்பமானி, வீட்டில் இன்னொருவர், அவ்வப்போது திறக்க ஒரு சன்னல் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பயணமோ உடல்நலக்குறைவோ காரணமாகச் சில வாரங்கள் வகுப்புக்குப் போகாமல் இருந்தால், வெப்பத்துக்கு உடல் பெற்ற பழக்கம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருக்கும். ஆசனங்கள் மனத்தில் இருக்கும், கைகால்களுக்கும் நினைவிருக்கும், ஆனால் வியர்வைச் சுரப்பிகளும் இதயமும் மீண்டும் பழக வேண்டும். அந்த முதல் நாளில் கதவுக்கு அருகே இடம்பிடித்து, பாதியளவு ஆசனங்களோடு, முதல் வகுப்புக்கு வருபவரைப் போலவே தொடங்குங்கள்.